கேஷுவாலிட்டி பதிவேட்டிலிருந்து நோய்ப் பரவலைப் பிடிப்பது: சேலத்தில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்தால், அந்தத் தெருவுக்கு அடுத்தபடியாக அது தெரிய வரும் இடம் பெரியாஸ்பத்திரியின் கேஷுவாலிட்டி மேசைதான். ராத்திரி பத்து மணிக்கு மேல் வாந்தி, பேதி என்று ஒன்றிரண்டு பேர் வருவார்கள். விடிவதற்குள் இன்னும் நாலு பேர். மலப் பரிசோதனையின் கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அதே குழாயில் இன்னும் எத்தனையோ குடம் நிறைந்துவிடும். நோயின் பெயர் தெரியட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், வந்தவர் சொன்ன தொந்தரவையும் வந்த தெருவையும் வைத்து அன்றன்றைக்கு எண்ணுவதுதான் அவசரப் பிரிவுக் கண்காணிப்பு.

ஹவுஸ் சர்ஜன்கள், சமூக மருத்துவம் படிக்கும் முதுநிலை மாணவர்கள், மாவட்டக் கண்காணிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டேட்டா என்ட்ரிக்காரர்கள், சொந்தமாக நர்சிங் ஹோம் நடத்துபவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். எக்செல் திறக்கத் தெரிந்தால் போதும்.

இது புதுச் சரக்கு இல்லை. நியூயார்க் நகரம் 2001 முதல் அவசரப் பிரிவுக்கு வருவோரின் முதல் புகாரைத் தினமும் எண்ணுகிறது. பிரான்சில் 2003 கோடையின் வெப்ப அலையில் பல்லாயிரம் முதியவர்கள் இறந்தபின், மறு ஆண்டே அவசரப் பிரிவுகளை இணைத்து ஒரு வலையமைப்பு தொடங்கினார்கள். இங்கே 2004இல் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் வந்தது. 2021 முதல் அது ஐ.எச்.ஐ.பி. என்ற ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் இணையதளத்தில் நடக்கிறது. களப் பணியாளர் நிரப்புவது எஸ் படிவம், மருத்துவர் நிரப்புவது பி படிவம், ஆய்வகம் நிரப்புவது எல் படிவம். நான் இங்கே சொல்வது இந்த மூன்றுக்கும் மாற்று கிடையாது. பி படிவம் நிரப்பும் நேரத்துக்கு முன்பே கண்ணில் படவேண்டியதைக் கண்ணில் பட வைக்கும் வேலை.

முதல் படி: எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யுங்கள்

முப்பது நோயையும் ஒரே நாளில் பிடிக்கப் புறப்பட்டால் ஒரு வாரத்தில் கை ஓய்ந்துவிடும். சேலத்துக்கு ஐந்து கூட்டம் (தொந்தரவு வகை) போதும்: வாந்தி பேதி, காய்ச்சல், கடியும் கொட்டும், விஷம், வெயில் பாதிப்பு. சாலை விபத்துக்குத் தனிப் பதிவு ஏற்கெனவே இருக்கிறது, இப்போதைக்கு அதை விட்டுவிடுங்கள்.

டெங்குவை எதிர்பார்த்துத்தான் நிறையப் பேர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். உண்மையைச் சொன்னால், டெங்குவுக்கு கேஷுவாலிட்டி அவ்வளவு நல்ல முன்னறிவிப்பு தராது. சாதாரணக் காய்ச்சல்காரர் ஓ.பி.க்குப் போவார், மெடிக்கலில் மாத்திரை வாங்குவார், தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொள்வார். நாலாம் ஐந்தாம் நாள் வயிறு வலித்து, வாந்தி நிற்காமல், ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் அவசரப் பிரிவுக்கு வருவார். அதற்குள் கொசு தன் வேலையை முடித்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் டெங்குவுக்குக் காய்ச்சல் ஓ.பி.யைப் பாருங்கள். கேஷுவாலிட்டியின் பலம், சில மணி நேரத்தில் ஆளைச் சாய்க்கிற விஷயங்களில்தான் இருக்கிறது.

இரண்டாம் படி: ஏழு பத்தி

எக்செல்லில் மேலிருந்து கீழாக ஏழு பத்தி போடுங்கள்: வந்த தேதியும் நேரமும், ஓ.பி. சீட்டு எண், வயது, பால், சொன்ன தொந்தரவு, இடம், கடைசியில் என்ன ஆனது (அனுமதி, வீட்டுக்கு, மேல் சிகிச்சைக்கு, இறப்பு). அவ்வளவுதான். பெயரும் செல்போன் எண்ணும் உங்கள் தாளில் வேண்டாம். ஒரே ஆள் இரண்டு முறை பதிவானதைக் கண்டுபிடிக்கத்தான் சீட்டு எண்.

ஏ.ஆர். புத்தகத்திலிருந்து (விபத்துப் பதிவேடு) தகவல் எடுக்கலாம், அதில் எதையும் எழுதக் கூடாது. அது கோர்ட்டுக்குப் போகும் ஆவணம். உங்கள் வசதிக்குப் பென்சிலில் டிக் போட்டு வைத்தால்கூட நாளைக்கு டியூட்டி டாக்டர் கூண்டில் ஏறிப் பதில் சொல்லவேண்டி வரும்.

மூன்றாம் படி: சொன்ன தொந்தரவைக் கூட்டத்தில் சேர்ப்பது

பாதி உழைப்பு இங்கேதான். அதிகாலை மூன்று மணிக்கு ஹவுஸ் சர்ஜன் எழுதுவது ஒரு மொழி, நோயாளி சொல்வது ஒரு மொழி. ஒரே வயிற்றுப்போக்கு ‘எல்.எஸ்.’ என்றும் ‘ஏ.ஜி.இ.’ என்றும் ‘ஏ.டி.டி.’ என்றும் பதிவாகியிருக்கும். நோயாளி வாயில் அது ‘வயித்தால போகுது’, ‘தண்ணியாப் போகுது’, ‘பேதி புடுங்குது’. இத்தனையையும் ஒரு தாளில் எழுதி, எது எந்தக் கூட்டம் என்று பட்டியல் போடுங்கள். புதுச் சொல் கண்ணில் பட்டால் சேர்த்துக்கொண்டே போங்கள். ஒரு மாதத்தில் பட்டியல் ஓரளவு நிலைத்துவிடும்.

எக்செல்லில் சொல்லைத் தேடி எண்ணும்போது ‘காய்ச்சல் இல்லை’ என்பதும் காய்ச்சல் கணக்கில் வந்து உட்கார்ந்துகொள்ளும். ‘இல்லை’ வருகிற வரிகளைத் தனியே பிரித்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

‘மருந்து’ என்று இருந்தால் அவசரப்பட்டு விஷக் கூட்டத்தில் தள்ளாதீர்கள். ‘மருந்து குடிச்சிருச்சு’ என்றால் பூச்சிமருந்து. ‘மருந்து சாப்பிட்டு உடம்பெல்லாம் தடிப்பு’ என்றால் ஒவ்வாமை. விஷக் கூட்டத்தில் எந்த நச்சுப்பொருள் என்பதற்கு இன்னொரு பத்தி அவசியம். நம் பக்கத்திலும் கோவை, ஈரோடு பக்கத்திலும் சாணிப்பவுடர் என்ற ஒன்று உண்டு. வாசல் தெளிக்கச் சாணிக்குப் பதிலாகக் கலக்கும் சாயப்பொடி அது. மஞ்சளில் இருப்பது ஆரமின், பச்சையில் இருப்பது மாலக்கைட் கிரீன். எலி பேஸ்ட் வேறு மாதிரி: சாப்பிட்டவர் முதல் நாள் தெளிவாகப் பேசுவார், நடப்பார், வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடிப்பார். அதில் உள்ள மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலைக் கெடுப்பது அடுத்தடுத்த நாட்களில் தெரியும். எந்தப் பொருள், எந்தப் பகுதியில் கூடுகிறது என்று தெரிந்தால்தான் கடைகளில் விற்பனையைத் தடுக்க யாராவது போக முடியும். ‘விஷம், 9 பேர்’ என்ற கணக்கை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

கடியில் இன்னும் நுணுக்கம் இருக்கிறது. பொழுது சாய்ந்தபின் பாம்பைப் பெயர் சொல்லாதவர்கள் இன்றும் கிராமத்தில் இருக்கிறார்கள். ‘பூச்சி தீண்டிருச்சுங்க’ என்பார்கள். அது பூச்சிக்கடி என்று பதிவாகிவிடும். ஆகவே மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை வந்த ‘பூச்சிக்கடி’ ஒவ்வொன்றையும் கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: ரத்தம் உறையும் நேரம் பார்த்தார்களா, விஷமுறிவு மருந்து ஏற்றினார்களா? கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் தூங்கியவரைக் கடிக்கும், பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார், இமை தொங்கத் தொடங்கியிருக்கும். ‘வயிற்று வலி’ என்று பதிவான அந்த ஆள் உங்கள் எண்ணிக்கையில் விடுபடுவார். தமிழ்நாட்டில் பாம்புக்கடி 2024 நவம்பர் முதல் அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய பட்டியலில் இருக்கிறது, 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ். தனியார் மருத்துவமனைக்கும் இது பொருந்தும். எனவே இதில் விடுபடுவது ஆர்வக்குறைவு என்ற அளவோடு நிற்காது.

ஏற்காட்டுப் பக்கம் கதண்டு (பெரிய விஷக் குளவி) கொட்டி வருபவர்களைத் தேள், தேனீயோடு சேர்க்காமல் தனியாக எழுதுங்கள். காபித் தோட்டத்தில் ஒரு கூடு கலைந்தால் ஒரே நாளில் பலர் வருவார்கள். எந்த எஸ்டேட் என்று தெரிந்தால் மறுநாள் வேலைக்குப் போகிறவர்களைத் தடுக்கலாம்.

வெயில் பாதிப்பை யாரும் ‘வெயில்’ என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. ‘மயக்கம் போட்டு விழுந்துட்டார்’, ‘தலை சுத்துது’, ‘பேச்சு குளறுது’. மார்ச் தொடங்கியதும் பகல் பன்னிரண்டுக்குப் பிறகு வரும் மயக்கத்தை எல்லாம் தனியே குறித்து, உடல் வெப்பம் பார்த்தார்களா என்று கேளுங்கள். 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி நினைவும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. என்ன வேலை செய்பவர் என்று கேட்டு எழுதுவதும் இந்தக் கூட்டத்துக்கு மட்டும் அவசியம்: ஜவ்வரிசி காயவைக்கும் களமா, தறிக் கொட்டகையா, கட்டட வேலையா? நாடு முழுதும் மார்ச் முதல் ஜூலை வரை வெப்ப நோய்களுக்கு ஐ.எச்.ஐ.பி.யில் தினசரிப் பதிவு உண்டு. உங்கள் கணக்கு அதற்கும் உதவும்.

நான்காம் படி: இடம்

‘எந்த ஊருங்கம்மா?’

‘சேலந்தான் கண்ணு.’

‘சேலத்துல எங்கீங்க?’

‘அம்மாப்பேட்டை.’

‘அம்மாப்பேட்டைல எந்தத் தெரு? தண்ணி எந்த டேங்க்ல இருந்து வருது? கடைசியா என்னைக்கு வந்துச்சு?’

கடைசி மூன்று கேள்வி வரைக்கும் போனால்தான் பதிலுக்கு மதிப்பு. ‘சேலம்’ என்று மட்டும் எழுதிய வரியால் ஒரு பயனும் இல்லை. நம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தருமபுரி, நாமக்கல், கள்ளக்குறிச்சி என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் ஆள் வருகிறார்கள். அவர்களும் சொந்தக்காரர் வீட்டு முகவரியைச் சொல்லி ‘சேலம்’ ஆகிவிடுவார்கள். புதூர், காட்டூர் என்ற பெயரில் எத்தனை ஊர்! எந்தத் தாலுகா, பக்கத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையம் என்று சேர்த்துக் கேளுங்கள். மாநகராட்சிக்குள் என்றால் 60 வார்டில் எது என்று தெரிய வேண்டும். வார்டு எண் நோயாளிக்குத் தெரியாது, தெருப்பெயரை வாங்கிக்கொண்டு நீங்கள் கண்டுபிடியுங்கள். சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்ற நான்கு மண்டலத்துக்கும் தெரு–வார்டு பட்டியல் ஒன்றை ஒருமுறை உட்கார்ந்து தயாரித்துவிட்டால் பிறகு வேலை சுலபம்.

வீடு ஓரிடம், நோய் பிடித்த இடம் வேறிடம் என்பதும் அடிக்கடி நடக்கும். ‘கடந்த மூணு நாள்ல வெளியூர், விசேஷம், கோயில் எங்கயாவது போனீங்களா?’ என்ற ஒரே கேள்வி போதும். மே மாதம் ஏற்காடு கோடை விழா, ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா என்று கூட்டம் கூடும் நாட்களில் இதைக் கேட்காமல் விட்டால், ஒரே இடத்தில் சாப்பிட்ட பத்துப் பேர் பத்துத் தெருக்காரர்களாகச் சிதறிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: கூடியிருக்கிறதா, கூடவில்லையா?

காலை எட்டு மணி வரைக்குமான 24 மணி நேரத்தைக் காலை ஒன்பதுக்குள் எண்ணி முடியுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் பிடித்தால் பத்தியைக் குறையுங்கள்.

இப்போது கேள்வி: இன்றைக்கு வாந்தி பேதி 11 பேர். இது அதிகமா? ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நேற்றையும் முந்தாநாளையும் விட்டுவிடுங்கள். அதற்கு முந்தைய ஏழு நாளில் 6, 4, 7, 5, 6, 8, 6 பேர் வந்திருக்கிறார்கள். சராசரி 6. திட்டவிலக்கம், அதாவது தினசரி எண்ணிக்கை சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகுகிறது என்ற அளவு, ஏறக்குறைய 1.3. சராசரியோடு திட்டவிலக்கத்தைப்போல் மூன்று மடங்கைக் கூட்டினால் 9.9. பத்தோ அதற்கு மேலோ வந்தால் எச்சரிக்கை. 11 அதைத் தாண்டுகிறது.

முந்தைய இரண்டு நாளை ஏன் விட வேண்டும்? பரவல் மெல்ல மெல்ல ஏறினால், நேற்றைய 9 பேரும் சராசரியைத் தூக்கிவிடும், இன்றைய 11 சாதாரணமாகத் தெரியும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் பயன்படுத்தும் ‘சி2’ முறையின் சாரம் இதுதான். எக்செல்லில் இரண்டு சூத்திரம் போட்டால் முடிந்தது. பெரிய மென்பொருள் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால், முதலில் இதை ஒரு வருடம் ஓட்டிவிட்டுப் பேசலாம் என்று சொல்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓ.பி. வழக்கம்போல இருக்காது. சின்னத் தொந்தரவும் கேஷுவாலிட்டிக்கே வரும். தீபாவளி, பொங்கல் நாட்களில் வேறு மாதிரி. எனவே எண்ணிக்கையோடு பங்கையும் பாருங்கள்: அன்று வந்த எல்லோரிலும் நூற்றுக்கு எத்தனை பேர் வாந்தி பேதி? இரண்டும் சேர்ந்து ஏறினால் நம்பலாம்.

இந்தக் கணக்கு சின்ன எண்களில் சொதப்பும். ஏற்காடு அரசு மருத்துவமனை மாதிரி இடத்தில் ஒரு நாளைக்குப் பூஜ்யம், ஒன்று, பூஜ்யம் என்று போய்க்கொண்டிருக்கும். அங்கே திட்டவிலக்கத்தை மறந்துவிட்டு ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஊரிலிருந்தோ ஒரே எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தோ ஒரே மாதிரித் தொந்தரவோடு ஒரு வாரத்தில் இரண்டு குடும்பம் வந்தால் விசாரி. காய்ச்சலில் இது முக்கியம். மலையில் ஸ்க்ரப் டைபஸ் உண்டு. புதரில் இருக்கும் நுண்ணிய சிற்றுண்ணியின் இளம்புழு கடித்து வருவது. அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்குக் கீழே சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், துணியை விலக்கிப் பார்க்காவிட்டால் தெரியாது. ‘பொருக்கு பார்த்தீர்களா?’ என்று டாக்டரிடம் கேட்க உங்களுக்குத் தயக்கம் வேண்டாம். டாக்சிசைக்ளின் சீக்கிரம் தொடங்கினால் பிழைத்துக்கொள்ளும் நோய் அது.

எண்ணிக்கை விழுந்தாலும் கேள்வி கேட்கப் பழகுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. அப்படிப்பட்ட நாளில் மலையிலிருந்து கீழே ஒருவரும் வரவில்லை என்றால், மலையில் எல்லோரும் சுகமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியுமா?

ஆறாம் படி: போன் எடுப்பதற்கு முன்னும் பின்னும்

எச்சரிக்கை வந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கிச் சரிபாருங்கள். ஒரே சீட்டு இரண்டு முறை ஏறியதா? புது ஹவுஸ் சர்ஜன் குழு சேர்ந்து எழுதும் முறை மாறியதா? ஒரு வேனில் வந்த கல்யாண வீட்டுக் கூட்டமா? கடைசிக் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றாலும் அது பொய் எச்சரிக்கை ஆகாது, உணவு நச்சு விசாரணை ஆகிறது. உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் சொல்ல வேண்டும்.

கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டாலும் போன் செய்துவிடுங்கள். மாநகராட்சிக்குள் என்றால் மாநகர நல அலுவலர், வெளியே என்றால் மாவட்டச் சுகாதார அலுவலர், இரண்டுக்கும் மாவட்டக் கண்காணிப்புப் பிரிவு. ‘சார், கேஸ் அதிகமா வருது’ என்று சொல்லி வைக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: ‘நேத்து ராத்திரி எட்டு மணியில இருந்து வாந்தி பேதி பதினொரு பேர். ஏழு பேர் ஒரே தெருவை ஒட்டி. அஞ்சு பேர் பதினஞ்சு வயசுக்கு மேல, ரெண்டு பேருக்கு நீர்ச்சத்து கடுமையா குறைஞ்சிருக்கு. முந்தாநாள் தண்ணி விட்டிருக்காங்க, கலங்கலா வந்துச்சுன்னு மூணு பேர் சொல்றாங்க.’ இதைக் கேட்டவர் அதற்கு மேல் சும்மா உட்கார மாட்டார்.

ஐந்து வயதுக்கு மேற்பட்டவர் கஞ்சித்தண்ணி போலப் பேதியாகி நீர்ச்சத்து வற்றி வந்தால், எண்ணிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். காலராவாக இருக்கலாம், ஒருவரே போதும். ஆன்டிபயாட்டிக் கொடுப்பதற்கு முன்பே மலத்தை எடுத்து கேரி–பிளேர் ஊடகத்தில் (கிருமி வழியில் சாகாமல் காக்கும் கலவை) வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். களத்துக்குப் போகிறவர் குழாயின் கடைக்கோடி வீட்டில் குளோரின் பார்ப்பார். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கே உடைப்பு என்று தோண்டத் தொடங்கலாம். என்ன கிடைத்தது என்று மாலையில் திரும்பப் போன் செய்து கேட்டு உங்கள் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பத்து எச்சரிக்கையில் எத்தனை உண்மை என்று தெரியாவிட்டால் அளவுகோலை மாற்ற முடியாது.

அந்தப் பதிலைக் கேஷுவாலிட்டிக்கும் சொல்லுங்கள். ராத்திரி டியூட்டி சிஸ்டர் தெருப்பெயர் கேட்டு எழுதியதால் ஒரு குழாய் உடைப்பு அடைபட்டது என்று அவருக்கு ஒரு வார்த்தை போனால், அடுத்த முறை யாரும் சொல்லாமலே கேட்டு எழுதுவார். சர்க்குலரால் இது நடந்து நான் பார்த்ததில்லை.

ஏழாம் படி: இந்தக் கணக்கில் வராதவர்கள்

வசதி உள்ளவர் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார். மலைக் கிராமத்துக்காரர் பஸ் கிடைக்காமல் வீட்டிலேயே கிடக்கிறார். பெரியாஸ்பத்திரிக் கணக்கை மட்டும் வைத்து ‘சேலத்தில் இவ்வளவு பேருக்கு நோய்’ என்று எழுதினால் தவறு. இது மேலே போகிறதா கீழே போகிறதா என்று காட்டும், மொத்தம் எவ்வளவு என்று காட்டாது. உங்கள் பகுதியில் இரண்டு மூன்று நர்சிங் ஹோம்களைச் சம்மதிக்க வைத்து வாந்தி பேதி, பாம்புக்கடி இரண்டை மட்டும் தினமும் வாங்க முடிந்தால் படம் வெகுவாகத் தெளியும். ‘இன்று ஒருவரும் இல்லை’ என்ற செய்தியும் வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பூஜ்யமும் தகவல்தான், மௌனம் தகவல் இல்லை.

இந்தத் தாளை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பெயர் இல்லாவிட்டாலும் ‘17 வயது, பெண், இன்ன தெரு, சாணிப்பவுடர்’ என்றால் அந்தத் தெருவுக்கே ஆள் தெரிந்துவிடும். வெளியே போகும் எதிலும் தெருவை எடுத்துவிட்டு மண்டலம் அல்லது தாலுகா அளவில் கொடுங்கள். விஷக் கூட்டத்தில் ஐந்து பேருக்குக் குறைவான எண்ணை ‘5க்குக் கீழ்’ என்று மட்டும் எழுதுங்கள். நிருபர் போன் செய்தால் மாவட்டச் சுகாதார அலுவலரின் அலுவலக எண்ணைக் கொடுத்துவிட்டு வைத்துவிடுங்கள்.